முத்துவீரன் குடும்பம் புக்கெட் போன கதை

போர்ட் பிளேர் ஷாதிபூரில் முத்துவீரனைப் பகைத்துக்கொண்டு ஒருத்தரும் ஒழுங்காகக் குளித்ததில்லை. எங்கள் பகுதிக்குத் தண்ணீர் திறந்துவிடும் வால்வுக்காரன் அவன். மூன்று நாளைக்கு ஒரு தடவை, முக்கால் மணி நேரம். ஆள் உயர இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் சந்துக்குள் நுழைந்தால் பெங்காலி அம்மா ஜன்னலில் இருந்து அண்ணன் முறை வைத்து "தாதா, பானி!" என்று குரல் கொடுப்பாள், தெலுங்கு வாத்தியார் எழுந்து நிற்பார், மலையாளிப் போலீஸ்காரர் சிரிப்பார். அந்தப் போலீஸ்காரர் வேறு யாரைப் பார்த்தும் சிரித்து நான் பார்த்ததில்லை.

இவ்வளவு அதிகாரம் உள்ளவனுக்கு வீட்டுக்குள் ஒரு அதிகாரமும் கிடையாது. அவனுக்கு இரண்டு பிள்ளைகள். புக்கெட் போன வருஷம் சுதாகருக்கு ஏழு வயது, மீனாவுக்கு ஐந்து. எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் தெரிகிற போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்தும், இரண்டும் கடல் தண்ணீரைக் காலால் தொட்டதில்லை. அம்மாக்காரி சொர்ணம்மா விடமாட்டாள். பள்ளிக்கூடத்தில் பீச்சுக்குப் பிக்னிக் கூட்டிப்போன அன்று, இரண்டுக்கும் காய்ச்சல் என்று லீவு லெட்டர் எழுதிக்கொடுத்தது நான்தான். நான் எட்டாவது பெயில். டீச்சர் சிவப்பு மையில் நாலு தப்பைத் திருத்தித் திருப்பி அனுப்பினார்.

ஏன் விடமாட்டாள் என்பதும் தெருவுக்கே தெரியும். இந்த இரண்டுக்கும் முன்னால் ஒரு பெண் இருந்தது. திவ்யா.

முத்துவீரனின் அப்பா சிலோன் மலையில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டியவர். இந்தியா, சிலோன் இரண்டு சர்க்காரும் தோட்டத்து ஆட்களைப் பிரித்துக்கொண்டபோது கப்பலேறி வந்து, தெற்கே இன்னொரு தீவில், ஹட் பேயில், எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டத்தில் இறக்கிவிடப்பட்டவர். மகனுக்கும் அதே தோட்டம், வரிசையாகக் கட்டின அதே லைன் வீடு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. முத்துவீரன் மேட்டில் செடி நர்சரி டூட்டியில் இருந்தான். கீழே பூமி ஆடியது. லைன் ஜனம் முழுக்க வெளியே ஓடிவந்து, என் வீட்டில் பாத்திரம் விழுந்தது, உன் வீட்டில் சுவர் வெடித்தது என்று பேசிக்கொண்டிருந்தபோது கடல் வந்தது. சொர்ணம்மா ஐந்து வயசுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கொஞ்ச தூரம் போனதும் அவளிடம் அவளுடைய கை மட்டும்தான் இருந்தது. எங்கிருந்தோ மிதந்து வந்த உத்தரம் ஒன்று இடுப்பில் அடித்தது. மறுநாள் நினைவில்லாமல் ஹெலிகாப்டரில் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். இப்போதும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடப்பாள். அதற்குப் பிறகு அவர்கள் ஹட் பேக்குத் திரும்பவில்லை, முத்துவீரன் இங்கேயே வால்வு வேலைக்குச் சேர்ந்தான்.

பிள்ளை கிடைக்கவில்லை. ஊருக்குத் தெரிந்த கதை இதுதான்.

கிடைத்தது என்பது எனக்கு மட்டும் தெரியும். எனக்கு ஷாதிபூரில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ. யார் மகள் யாருடன் ஜோடியாகப் போட்டோ எடுத்தாள் என்பதை அவள் அப்பனுக்கு முன்னால் தெரிந்துகொள்கிற தொழில். அதைத் தெருவுக்குத் தெரியப்படுத்துகிற வேலையையும் நானே செய்வேன், இலவசமாக. ஆனால் 2010ல் சர்வீஸ் புத்தகத்துக்குப் போட்டோ எடுக்க வந்த முத்துவீரன், கரண்ட் போன அரை மணி நேரத்தில் என்னிடம் சொன்னதை நான் என் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை.

"மூணாம் நாளு கெடச்சிருச்சு ஜெகண்ணே. சதுப்புக்காட்டுப் பக்கம். நாந்தான் பொதச்சேன்."

"சொர்ணத்துக்குத் தெரியாதா?"

"ஆஸ்பத்திரிக்கு வந்து பாக்கையில இடுப்புல கட்டோட படுத்திருந்துச்சு. இப்ப சொல்லாதய்யா, தாங்காதுன்னாரு டாக்டரு. தேடிக்கிட்டு இருக்காங்கன்னேன். நாளைக்குச் சொல்லிக்கலாம், அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அப்பறம் சுதாகரு வயித்துல வந்துட்டான். வயித்துப் புள்ளக்காரிகிட்ட எப்புடிச் சொல்றது? அப்பறம் மீனா. இப்ப அஞ்சு வருசம் கழிச்சி, நா அன்னைக்கே பொதச்சிட்டேன்னா, என்னையவே பொதச்சிரும்."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். கரண்ட் வந்தது. போட்டோ எடுத்தேன். அந்தப் போட்டோவில் அவன் முகம் நன்றாகத்தான் இருக்கும், வந்தால் காட்டுகிறேன்.

காணாமல் போனவர்களை இறந்தவர்களாகப் பதிவு செய்கிற காகிதத்தில் கையெழுத்து வாங்க ஆபீஸிலிருந்து மூன்று தடவை ஆள் வந்தார்கள். மூன்று தடவையும் சொர்ணம்மா டீ கொடுத்து அனுப்பிவிட்டாள். அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. ஹட் பே கரையில் எப்போதும் வெளிநாட்டுப் பாட்டில், செருப்பு, வலைக்குக் கட்டுகிற மிதவை எல்லாம் ஒதுங்கும். பாட்டிலில் ஜிலேபி பிழிந்த மாதிரி எழுத்து இருக்கும். தாய்லாந்து எழுத்து என்று கப்பல்காரர்கள் சொல்வார்கள்.

"அங்கருந்து இங்க வருதுல்லண்ணே? அப்ப இங்கருந்து அங்க போவும்ல? எதையாவது புடிச்சுக்கிட்டு மெதந்து போயிருப்பா. யாராவது போட்டுக்காரன் தூக்கியிருப்பான். அஞ்சு வயசுப் புள்ளைக்கு அட்ரஸ் சொல்லத் தெரியுமா?"

அட்ரஸ் சொல்லத் தெரியாதுதான்.

2013 ஆரம்பத்தில் அபர்தீன் பஜாரில் ஒரு டூர் ஏஜென்ட் போர்டு வைத்தான். புக்கெட், ஐந்து நாள், பீச் ஓரம் ஹோட்டல், குழந்தைகளுக்குப் பாதி டிக்கெட். பத்து பேர் சேர்த்துக்கொடுப்பவருக்குச் சும்மா. நான் பத்து பேரைத் தேடிக்கொண்டிருந்தேன். சும்மா என்றால் நான் எங்கேயும் போவேன். முத்துவீரனிடமும் ஒரு வார்த்தை போட்டேன். பீச்சைப் பார்க்க எதற்கடா வெளிநாடு என்று திட்டுவான் என்று நினைத்தேன். அவன் தோளில் இருந்த சாவியை இறக்கிச் சுவரில் சாய்த்தான்.

"சொர்ணத்தக் கூட்டிட்டுப் போயிரலாம்ணே. அதுவா வந்து பாக்கட்டும். எம்புட்டு நீளக் கர, எம்புட்டு ஜனம், இதுல எங்க தேடுறதுன்னு அதுக்கே வெளங்கிரும். அதுவா விட்டுட்டா நா வாயத் தொறக்க வேண்டியதில்ல. புள்ளைங்களும் ஒரு தடவ தண்ணியில கால நனைச்சிக்கும்."

பிஎஃப்பில் கை வைத்தான். லீவு போட்டான். ஐந்து நாளும் தெரு காயும் என்று பெங்காலி அம்மா அழுதாள்.

பாஸ்போர்ட் போட்டோவுக்கு நாலு பேரும் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். எடுத்து முடித்ததும் சொர்ணம்மா பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, திவ்யாவின் பழைய போட்டோவைக் கொடுத்தாள். பால்வாடியில் எடுத்தது, ஓரமெல்லாம் தண்ணீர் பட்டு ஊறியது.

"அஞ்சாவதா ஒண்ணு வேணும்ணே. இப்ப பதினாலு வயசாச்சு. அதுக்குத் தக்கன கம்பியூட்டர்ல பெருசு பண்ணிக் குடுங்க. கூட்டிட்டு வாறப்ப ஏர்போட்டுல இது யாரு புள்ளன்னு கேப்பானுங்கள்ல?"

முத்துவீரன் சுவரில் மாட்டியிருந்த கல்யாண ஜோடியையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் செய்துகொடுத்தேன். அம்மாவின் நெற்றியை எடுத்தேன், அப்பனின் மூக்கைக் கொஞ்சம் குறைத்தேன், பக்கத்துத் தெருப் பெண்ணின் ரெட்டைச் சடையை ஒட்டினேன். பார்த்தால் உயிரோடு இருக்கிற பிள்ளை மாதிரி வந்துவிட்டது. என் தொழிலில் அதைவிட நல்ல வேலை செய்ததில்லை, அதைவிடக் கெட்ட வேலையும் செய்ததில்லை.

ஏப்ரல் மாதம் கிளம்பினோம். தாய்லாந்து எங்களுக்குக் கிழக்கே, கடலுக்கு அந்தப் பக்கம். அங்கே போக முதலில் மேற்கே சென்னைக்கு இரண்டு மணி நேரம் பறக்க வேண்டும். அங்கிருந்து இன்னொரு பிளேனில் வந்த கடல் மேலேயே திரும்பவும் பறக்க வேண்டும். நடுவில் கீழே எங்கேயோ எங்கள் வீடே இருந்திருக்கும். எட்டிக் குதித்திருந்தால் அரை நாள் மிச்சம் என்று சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. சொர்ணம்மா ஜன்னலில் முகத்தை வைத்துக் கடலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஹோட்டலில் இருந்து ரோட்டைத் தாண்டினால் பீச். குடை, சாய்வு நாற்காலி, வெள்ளைக்காரர்கள். உடம்பில் துணி குறைவாகத்தான் இருந்தது, அதைப் பற்றி என் வீட்டுக்காரிக்குச் சொல்வதாக இல்லை, அதனால் இங்கேயும் எழுதவில்லை. ரஷ்யாக்காரக் குழந்தைகள் ரப்பர் வாத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு அலையில் உருண்டுகொண்டிருந்தன. சுதாகரும் மீனாவும் ஈரமணல் தொடங்குகிற இடத்துக்கு இரண்டடி முன்னால் நிறுத்தப்பட்டார்கள். அம்மா காலால் ஒரு கோடு போட்டிருந்தாள்.

"அம்மா, ஒரு காலு மட்டும்மா" என்றது மீனா.

"ஒரு வெரலும் கெடையாது."

"அந்தப் புள்ள பூராத்தையும் நனைக்குதே?"

"அதுக்கு அம்மா இல்ல போல."

அந்தக் குழந்தையின் அம்மா பக்கத்திலேயேதான் குப்புறப் படுத்திருந்தாள், முதுகு சிவக்க.

கரையோரம் ஒரு நீல போர்டு இருந்தது. பெரிய அலை, அதற்கு முன்னால் ஓடுகிற ஒரு ஆள். சுதாகர் கேட்டான், "ஏம்ப்பா அந்த ஆளு ஓடுறான்?" முத்துவீரன் அவன் கையைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டான். சொர்ணம்மா போர்டு முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். இங்கேயும் அதே நாளில், அதே கடல்தான் அடித்தது என்று கைடு பெண் தெரிந்த இந்தியில் சொன்னாள். 'பஹுத் லோக், பஹுத் லோக்' என்று கையை விரித்துக் காட்டினாள். நிறைய ஜனம். நான் முத்துவீரனைப் பார்த்தேன். அவன் எதற்காகக் கூட்டிவந்தானோ அது நடக்கப்போகிறது என்று இரண்டு பேரும் காத்திருந்தோம்.

சொர்ணம்மா திரும்பினாள். "அப்ப இவங்களுக்கும் புள்ள போயிருக்கும். புள்ளயப் பறிகுடுத்தவ, மெதந்து வந்த புள்ளய விடுவாளா? எடுத்து வளத்திருப்பா" என்றாள்.

அன்று முழுக்கவும் மறுநாள் முழுக்கவும் போட்டோவை வைத்துக்கொண்டு நடந்தாள். சாய்ந்து சாய்ந்து, அந்த வெயிலில். கால் பிடித்துவிடுகிற பெண்கள், சோளம் சுடுகிற கிழவன், மணலைக் கூட்டுகிற ஆள், ஒருத்தர் விடாமல் காட்டினாள். தமிழில்தான் கேட்டாள். "எம்மவ. பேரு திவ்யா. பாத்தீங்களா?" அவர்கள் போட்டோவைப் பார்ப்பார்கள், அழகாக இருக்கிறது என்கிற மாதிரி சிரிப்பார்கள், மசாஜ் விலையைச் சொல்வார்கள். முத்துவீரன் இரண்டு பிள்ளைகளையும் ஆளுக்கொரு கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனான். பார்ப்பவர்களுக்கு ஒரு குடும்பம் காற்று வாங்குகிறது.

மூன்றாம் நாள் காலையில் குடை வாடகைக்கு விடுகிற ஒரு பொம்பளை போட்டோவைப் பார்த்துப் பலமாகத் தலையை ஆட்டினாள். சொர்ணம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அங்கே அன்னாசிப்பழம் வெட்டி விற்கிற ஒரு பெண். பதினாலு பதினைந்து வயசு, நம் நிறம், ரெட்டைச் சடை. கைடு பெண், அது பர்மாவில் இருந்து பிழைக்க வந்த குடும்பம் என்று பிற்பாடு விசாரித்துச் சொன்னாள். சொர்ணம்மா அந்தப் பெண்ணின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டாள். "அம்மாடி, அம்மாவத் தெரியுதா? ஹட் பே, லைன் வீடு, ஞாபகம் இருக்கா?" அந்தப் பெண் பயந்துபோய் ஒரு பழத்தை நீட்டியது. அப்புறம் அதன் அம்மாவே கூடையோடு வந்து சேர்ந்தாள். அதே மூக்கு, அதே தாடை. சொர்ணம்மா கையை எடுத்தாள். மன்னிப்புக் கேட்கிற மாதிரி கும்பிட்டாள்.

முடிந்தது, இனி விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். மத்தியானம் குடை நிழலில் உட்கார்ந்துகொண்டு, கத்தரிக்காய் வாங்கிவரச் சொல்கிற குரலில் சொன்னாள்:

"நாளக்கழிச்சுப் பிளேனுல்ல? நீங்க புள்ளைங்களக் கூட்டிட்டுப் போங்க. நா வல்ல."

"என்னா?"

"இங்கனயே இருக்கேன். பாத்தரம் கழுவுனாலும் சோறு போடுவாங்க. இது ஒரு பீச்சுதான். இன்னும் கர எம்புட்டு கெடக்கு. ஒவ்வொண்ணா பாத்துட்டு வாரேன்."

"பைத்தியமா புடிச்சிருக்கு? இந்த ரெண்டையும் யாரு பாக்குறது?"

"இதுங்களுக்கு நீங்க இருக்கீங்க. அவளுக்கு யாரு இருக்கா?"

பிள்ளைகள் கோட்டுக்கு இந்தப் பக்கம் காய்ந்த மணலில் வீடு கட்டிக்கொண்டிருந்தன. காய்ந்த மணல் நிற்காது. கட்டக் கட்டச் சரிந்தது. நான் பத்தடி தள்ளிக் காமிராவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். காமிராவில் தூசி இல்லை. கேட்பதற்குத் தோதாக இருந்தது, அவ்வளவுதான்.

முத்துவீரன் எழுந்தான், உட்கார்ந்தான். பிறகு எட்டு வருஷம் சொல்லாமல் வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னான்.

"சொர்ணம், அவ இல்ல. மூணாம் நாளே கெடச்சிட்டா. நாந்தான் பொதச்சேன். பட்டாளத்துக்காரங்க ரெண்டு பேரு குழி வெட்டிக் குடுத்தாங்க. உனக்குத் தாங்காதுன்னு சொல்லல. என்னைய என்ன வேணா பண்ணு. எந்திரிச்சு வந்துரு."

அவள் அழுவாள், அடிப்பாள், கடலில் விழுவாள் என்று நான் எழுந்திருக்கத் தயாராக இருந்தேன். அவள் அசையவில்லை.

"மொகத்தப் பாத்தீங்களா?"

"மொகம் பாக்குற மாதிரி இல்ல."

"அப்பறம்?"

"உசரம் சரியா இருந்துச்சு. துணி... அந்தப் பச்ச கவுனு. மஞ்சப் பூப் போட்டது. கிறிஸ்துமஸ்ஸுக்குத் தச்சது."

சொர்ணம்மா அவனை உற்றுப் பார்த்தாள். "பச்ச கவுனா?"

"ஆமா."

"அதத்தான மொதநா ராத்திரி கேக்கத் தின்னுட்டு வாந்தி எடுத்து நாசம் பண்ணுனா? நீங்க காலயில டூட்டின்னு தூங்கிட்டீங்க. நா கழட்டி வாளியில ஊறப்போட்டேன். ஒங்க பழைய பனியனப் போட்டுவிட்டேன். முட்டிக்குக் கீழ தொங்குச்சு. அதோடதான் நாங்க ஓடுனோம்."

முத்துவீரன் ஒரு கைப்பிடி மணலை அள்ளி, அப்படியே கீழே விட்டான்.

மெயின்லேண்டில் இருப்பவர்களுக்கு இது புரியாது, அதனால் சொல்கிறேன். ஹட் பேக்கு எல்லாமே கப்பலில்தான் வரும். அரிசி, ஆணி, ஜாக்கெட் துணி, எல்லாம். அந்த வருஷம் பண்டிகைக்கு முந்தின கப்பலில் கவுனுக்கு ஆகிற துணி ஒரே ஒரு கட்டுத்தான் வந்தது, பச்சையில் மஞ்சள் பூ. லைன் பொம்பளைகள் அத்தனை பேரும் சேர்ந்து அந்தக் கட்டையே வாங்கி, ஒரே டெய்லரிடம் கொடுத்து, எட்டு வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி தைத்துப் போட்டார்கள். கிறிஸ்துமஸ் அன்று எட்டும் வரிசையாகக் கோயிலுக்குப் போனது ஸ்கூல் யூனிபார்ம் மாதிரி இருந்தது என்று சொர்ணம்மாவே ஒரு தடவை சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். முத்துவீரனும் பார்த்தவன்தான். ஆனால் மூன்று நாள் சோறு தண்ணி இல்லாமல் சதுப்புக்காட்டில் அலைந்தவனுக்கு அது தன் மகளின் கவுனாக மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

எட்டில் ஆறு பிள்ளைகள் மேட்டில் ஏறித் தப்பித்தன. கிடைக்காதது இரண்டு. ஒன்று திவ்யா. இன்னொன்று அடுத்த வீட்டுக் குழந்தைவேலுவின் மகள் ஷீலா. அதே வயசு.

"அப்ப நீங்க பொதச்சது நம்ம புள்ள இல்ல" என்றாள் சொர்ணம்மா.

அடுத்து அவள் செய்ததுதான் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. சிரித்தாள். அவளுக்குப் பல் வரிசை அவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். "ஒங்களுக்கே தெரிஞ்சுபோச்சு, பாத்தீங்களா? அவளப் பொதைக்கலன்னு ஒங்க வாயாலயே வந்துருச்சு" என்றாள். "இத்தன வருசமா நா சொல்றப்பல்லாம் மூஞ்சத் திருப்பிக்கிட்டது இதுக்குத்தானா? நா வேற என்னென்னமோ நெனச்சேன். சரி, இப்ப வீட்டுக்குப் போவம். அடுத்த வருசம் ரெண்டு பேருமா வந்து தேடுவம்."

அப்புறம் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். "போங்க, போயி கால நனைங்க. முட்டி வரைக்குந்தான், சொல்லிட்டேன்."

சுதாகர் நம்பவில்லை, என்னைப் பார்த்தான். மீனா நம்பிவிட்டது. கத்திக்கொண்டே ஓடியது. முதல் அலை காலில் பட்டதும் திரும்பி, "அப்பா, ஜில்லுன்னு இருக்குப்பா! வாங்கப்பா!" என்று கூப்பிட்டது. அந்த இரண்டும் கடலில் குதிப்பதைப் பார்க்கத்தான் அவன் பிஎஃப்பை எடுத்தான். அவன் பார்க்கவில்லை. மணலில் விரலால் என்னவோ கிறுக்கிக்கொண்டிருந்தான். நான் போட்டோ எடுத்தேன், வேறு என்ன செய்வது என்று தெரியாமல்.

திரும்பி வரும்போது பிளேனில் என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தான்.

"குழந்தைவேலண்ணன் அந்த மூணு நாளும் எங்கூடத்தான் தேடுனாரு ஜெகண்ணே. நா பொதைக்கயில அந்தாண்ட பக்கம் புள்ள பேரச் சொல்லிக் கூப்புட்டுக்கிட்டே போறாரு. எனக்குக் கேக்குது. எம்மவ கெடச்சிட்டா, ஒம்மவளக் காணோம்னு அவருகிட்ட எப்புடிச் சொல்றதுன்னு, சொல்லாமயே மண்ணத் தள்ளுனேன். ஒரு கொரலு குடுத்திருந்தா ஓடிவந்திருப்பாரு. காதுல ஒரு மச்சம், கையில ஒரு தழும்பு, எதையாவது பாத்து அடையாளஞ் சொல்லியிருப்பாரு. அப்பன் கையால ஒரு பிடி மண்ணு விழுந்திருக்கும்."

நான் எப்போதும் எதையாவது சொல்லுவேன். அன்று பெல்ட்டை இறுக்கிக்கொண்டேன்.

"ஷீலாதானான்னும் தெரியல. அதே துணி வேற தீவுக்கும் கப்பல்ல போயிருக்கும், எங்கயோ இருந்து அடிச்சிட்டு வந்த வேற புள்ளயாவும் இருக்கலாம். கவுன வச்சு ஒரு தடவ ஏமாந்தாச்சு. மறுபடியும் அதே கவுன வச்சு அவருகிட்டப் போயி ஒம்மவ செத்துட்டான்னு சொல்லவா?"

ஊருக்கு வந்தபின் முத்துவீரன் முத்துவீரனாக இல்லை. எந்தச் சந்துக்கு எப்போது திறந்தோம் என்பதே மறந்துபோகும். ஒரு நாள் தெலுங்கு வாத்தியார் வீட்டில் பாத்திரம் பண்டமெல்லாம் மிதந்தது. சொர்ணம்மாவோ நேர்மாறாக ஆகிவிட்டாள். அடுத்த டூர் எப்போது, ஏஜென்ட் என்ன சொல்கிறான் என்று வாரம் ஒரு தடவை ஸ்டூடியோவில் வந்து கேட்பாள். அவள் நம்பிக்கையைக் கொல்லப் போனவன் அதற்குச் சாட்சி சொல்லிவிட்டு வந்திருந்தான். அவனாலும் இப்போது இல்லை என்று சொல்ல முடியவில்லை. ராத்திரி அவன் தூங்குவதில்லை என்று சொர்ணம்மாவே சொன்னாள், அவனும் மகளை நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று பெருமையாக.

நவம்பரில் குழந்தைவேலு வந்தார். சுனாமிக்குப் பிறகு தெற்குக் கோடித் தீவில், கேம்பல் பேயில், மச்சான் வீட்டோடு போய்த் தங்கிவிட்டவர். கண்புரை ஆபரேஷனுக்காகக் கப்பலில் போர்ட் பிளேர் வந்து, ஒரு கண் முடிந்து, ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் பழைய பக்கத்து வீட்டுக்காரனைப் பார்க்க ஷாதிபூருக்கு வருகிறார் என்று போன் வந்தது. முத்துவீரன் ஸ்டூடியோவுக்கு ஓடிவந்தான்.

"இன்னைக்குச் சொல்லிறப் போறேண்ணே. அது ஷீலாவோ இல்லையோ, இருக்கிறத இருக்கிறபடி சொல்லிர்றேன். நீங்க வந்து பக்கத்துல உக்காருங்க. தனியா அவரு மூஞ்சப் பாக்க முடியாது."

போனேன். குழந்தைவேலு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயசு. ஒரு கண்ணில் கறுப்புக் கண்ணாடிக்குள் பஞ்சு. கலகலப்பான மனுஷன்.

"என்னடா வீரா, ஊருக்கே தண்ணி காட்டுறியாம்? எங்க கேம்பல் பேயில வால்வும் கெடையாது, அதத் தொறக்குற வீரனும் கெடையாது. மழ பேஞ்சா அண்டாவத் தூக்கி வைக்கிறதுதான்."

"அண்ணி எப்புடிண்ணே இருக்காங்க?"

"இருக்கா. சாயங்காலமானா ஜெட்டில போயி உக்காந்துக்குவா. கப்பலு வராத நாள்லயும் போவா. கேட்டா காத்து வாங்கப் போறேம்பா. வீட்டுல இல்லாத காத்தா?"

சிரித்தார். நாங்களும் சிரித்தோம். மீனா அவர் மடியில் ஏறி, கண்ணில் என்ன என்று கேட்டது. புதுக் கண் மாட்டியிருக்கிறார்கள், பழையதைக் கப்பல்காரனிடம் கொடுத்துவிட்டேன் என்றார். முத்துவீரன் பிள்ளையை வெளியே விளையாடப் போகச் சொன்னான். உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். ஆரம்பிக்கப்போகிறான் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் குழந்தைவேலு முந்திக்கொண்டார்.

"கண்ணக் கட்டி இருட்டுல போட்டுட்டானுங்கடா ரெண்டு நாளு. என்னென்னமோ நெனப்பு வருது. ஒன்னைய ஒண்ணு கேக்கணும்னுதான் இம்புட்டுத் தூரம் வந்தேன்." குரலைத் தாழ்த்தினார். "அந்த மூணாம் நாளு நா ஜெட்டிப் பக்கம் தேடுனேன், நீ சதுப்புக்காட்டுப் பக்கம் போன. அதுக்கப்பறம் நீ எம்மூஞ்சயே பாக்கல. மறுநாள் கப்பலேறிட்ட. நீ எதையாச்சும் பாத்துட்டு, நா தாங்கமாட்டேன்னு சொல்லாம விட்டுட்டியா? பாத்திருந்தா சொல்லிரு வீரா. கோவமே படமாட்டேன். கெழவனாயிட்டேன். எந்த எடம்னு தெரிஞ்சா ஒங்கண்ணியக் கூட்டிட்டுப் போயி ஒரு வெளக்க வச்சுட்டு வந்துருவேன். ஜெட்டிக்குப் போறத நிறுத்திருவா."

அவருக்கு அதைவிட நன்றாகக் கேட்கத் தெரிந்திருக்காது. சொல்ல வந்தவனுக்குக் கதவைத் திறந்து, விளக்கும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே" என்றான்.

"அவரு ஒண்ணும் பாக்கலண்ணே."

சொர்ணம்மா டீயோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. டம்ளரில் டீ கொஞ்சம்கூடத் தளும்பவில்லை. அந்த இடுப்பை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்து வந்து, அவர் கையில் கொடுத்தாள்.

"பாத்திருந்தா ஒங்ககிட்ட மறைப்பாரா? ரெண்டு புள்ளைங்களும் ஒண்ணாத்தான் எங்கயோ இருக்குங்க. நாங்க போயி தேடிட்டுத்தான் வந்தோம். அடுத்த வருசமும் போறோம். அண்ணிகிட்டச் சொல்லுங்க."

"அப்புடியா சொல்ற?" என்றார் குழந்தைவேலு.

"அப்புடித்தாண்ணே. சீனி போதுமா பாருங்க."

அவர் ஒரு வாய் குடித்தார். போதும் என்று தலையை ஆட்டினார். அவர் முகம் லேசானதைப் பார்த்தபோது, அவர் நிஜமாகக் கேட்க வந்தது இந்தப் பதிலைத்தானோ என்று எனக்குத் தோன்றியது. முத்துவீரன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. அவன் வாயை மூடிக்கொண்டான்.

எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. குடித்தேன்.